சேதம் எந்தத் திகதியில்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வீடு எப்படி உடைந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் ஒற்றைத் திகதி பதிலாக வராது. 1987 மே மாதம் வடமராட்சியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' நடந்தபோது ஷெல் விழுந்து ஓடு போனது என்பார். அதே ஆண்டு ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படையின் சண்டையில் மதில் போனது என்பார். 1990இல் குண்டுவீச்சு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது பூட்டிவிட்டுப் போன வீட்டில், அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தால் கதவும் இல்லை, நிலையும் இல்லை. தென்மராட்சியாருக்கு 2000ஆம் ஆண்டுச் சண்டை, கடற்கரையாருக்கு 2004 சுனாமி, தாழ்நிலத்தாருக்கு 2008 நவம்பரின் நிஷா புயல் வெள்ளம். இவை எல்லாம் ஒரே வீட்டுக்கு நேர்ந்திராது. இரண்டு மூன்றாவது நேராத வீடு அருமை.

ஆனால் இழப்பீட்டுப் படிவம் கேட்பது ஒரு திகதியைத்தான். அந்தத் திகதியில்தான் எந்தத் திட்டம், எந்த நிதி, எவ்வளவு தொகை என்பது தங்கியிருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக இங்கே வந்துபோன மதிப்பீடுகளைத் திரும்பிப் பார்த்தால், எல்லாமே வீட்டை உடைத்த நிகழ்வைத் தேடின. உடைந்த வீடு மதிப்பீட்டுக்காகக் காத்திருந்த காலத்தில் பட்ட சேதத்தை எதுவும் கணக்கில் எடுக்கவில்லை.

காப்புறுதியிலிருந்து தொடங்கலாம். வழமையான தீக் காப்புறுதிப் பத்திரத்தில் யுத்தமும் உள்நாட்டு யுத்தமும் விலக்கப்பட்டவை. 1983 யூலை வன்செயலுக்குப் பிறகு, 1980களின் பிற்பகுதியில், வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென அரசு தனி நிதியம் ஒன்றை அமைத்தது. மேலதிகக் கட்டணம் கட்டியவருக்கே அது உதவும். கொழும்பில் கடையும் தொழிற்சாலையும் வைத்திருந்தவர்கள் கட்டினார்கள். ஊரில் சீதன வீட்டுக்குக் காப்புறுதி எடுக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. வாகனத்துக்கு எடுப்போம், சட்டம் கேட்பதால். ஆகவே யாழ்ப்பாண வீட்டுக்காரருக்குக் காப்புறுதி முகவரின் இடத்தில் வந்து நின்றவர்கள் கிராம சேவகரும், பிரதேச செயலகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும்தான்.

1983இல் எரிக்கப்பட்ட தமிழர் சொத்துகளை அரசு அவசரகால விதிகளின்கீழ் முதலில் தன்வசம் எடுத்தது. உரிமையாளர் விண்ணப்பித்துத் தன் சொத்தைத் திரும்பப் பெறவேண்டியிருந்தது. அதற்கென உருவான அமைப்பின் வழியில் 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் புனர்வாழ்வு அதிகாரசபையை நிறுவியது. ஆட்கள், ஆதனங்கள், கைத்தொழில்கள் என்று மூன்றும் அதன் பெயரிலேயே இருந்தன. வடக்கில் ஒரு தலைமுறையின் கோவைகள் அந்தச் சபைக்குத்தான் போய்ச் சேர்ந்தன. 2018இல் இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை அமைக்கும் 34ஆம் இலக்கச் சட்டம் வந்து பழையதை நீக்கியது. பெயர்ப்பலகை மாறியபோது கோவைக்காரர்களின் வயதும் முப்பத்தொரு ஆண்டு கூடியிருந்தது.

அந்தக் கோவைக்குள் இருப்பவற்றை ஊரில் எல்லாரும் அறிவார்கள்: உறுதியின் பிரதி, குடும்ப அட்டை, விதானையாரின் கடிதம், இடிந்த சுவருக்கு முன்னால் வீட்டுக்காரர் நிற்கும் படம் ஒன்று. உறுதி எரிந்துபோயிருந்தால் காணிப் பதிவகத்துக்கு அலைய வேண்டும். உறுதி கையில் இருந்தாலும் சிக்கல் தீராது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையின்படி சீதனமாக வந்த வீடு மனைவியின் பெயரில் இருக்கும். உதவித் திட்டமோ 'குடும்பத் தலைவர்' என்று கணவரின் பெயரை எழுதிக்கொள்ளும். கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், தன் சொந்த வீட்டின் சேதத்துக்குக் கையெழுத்திட யாருக்கு உரிமை என்று அந்தப் பெண் முதலில் நிரூபிக்க வேண்டும்.

யுத்தம் ஒருபுறமிருக்க, குடாநாட்டு வீடுகளை நிலநடுக்கம் நேரே தாக்கியதாக நினைவில் நிற்கும் நாள் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நடுக்கம் இங்கே தண்ணீராக வந்தது. வடமராட்சி கிழக்கில் மணற்காடு, மருதங்கேணி, வெற்றிலைக்கேணிக் கரைகளில் வீடுகள் அத்திவாரத்தோடு அள்ளுண்டன. அதற்குப் பிறகு நாடளாவிய அளவுகோல் ஒன்று விரைவாகவே வந்தது: நாற்பது வீதத்துக்கு மேல் சேதமென்றால் முழுச்சேதம், 2,50,000 ரூபாய், அதற்குக் கீழென்றால் பகுதிச்சேதம், 1,00,000 ரூபாய். கடலோரத் தடைவலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடலுக்கு எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்பதை அளந்து வைத்த தூரமாக அது தெரியவில்லை.

சுனாமி வீட்டுக்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தியது; அலை ஒரே காலையில் வந்துபோனது, திகதியில் தகராறு இல்லை. கடற்கரையிலிருந்து சற்று உள்ளே யுத்தத்தில் இடிந்த வீடு பல ஆண்டுகளாகக் கிடந்தது. அதன் உரிமையாளர் பக்கத்து ஊர்ப் பட்டியலைப் பார்த்து 'என் வீட்டுக்கு ஏன் இல்லை?' என்று கேட்ட கேள்விக்கு எந்த அதிகாரியிடமும் பதில் இருக்கவில்லை. உலக வங்கியின் உதவியோடு 2004இன் இறுதியில் ஒப்புதல் பெற்ற வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டம் அந்த இடைவெளியைக் குறைக்க முயன்றது. அதற்குள் அரசியல் முந்திக்கொண்டது. சுனாமி நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பு 2005 யூன் 24இல் கைச்சாத்தாகி, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்குள் சிக்கியது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 பாதை மூடப்பட்டது. வடமராட்சி கிழக்கில் சுனாமிப் பணத்தில் எழும்பிய சுவர்கள் பின்னர் யுத்தத்துக்குள் அகப்பட்டன. அந்த வீட்டை இரண்டாம் முறை அளக்க வந்தவர் எந்தச் சேதத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரை 2010 செப்டெம்பரிலும், பிறகு 2011 பெப்ரவரி 22இலும், யூனிலும் நிலநடுக்கங்கள் தாக்கின. அங்கே அரசின் நிலநடுக்க ஆணைக்குழு அப்போது ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு வீட்டுக்கு வரி நீங்கலாக ஒரு இலட்சம் டொலர் வரை பொறுப்பாக இருந்தது. அதற்கு மேல் தனியார் நிறுவனம். எனவே எந்த வெடிப்பு எந்த நடுக்கத்தில் வந்தது என்று ஒவ்வொரு சுவரிலும் வழக்காட வேண்டி வந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு, திருத்தியதையே மறுபடி திருத்தும் வேலை. முன்னாள் ஆளுநர் நாயகம் சில்வியா கார்ட்ரைட் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2020இல் வெளிவந்தது. வசதியும் காப்புறுதியும் உள்ள நாடு அது. ஆனாலும் அங்கே ஒரு விசாரணை நடந்தது. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று அரசே தன்னைக் கேட்டுக்கொண்டது. இங்கே அந்தக் கேள்விக்கு ஒரு ஆணைக்குழுவும் வைக்கப்படவில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் வைத்த நாட்டில்.

காத்திருப்பு ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை வலிகாமம் வடக்கில் பார்க்கலாம். 1990 யூனில் வெளியேறியவர்கள் பலருக்கு அங்கே கால்வைக்கவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி இராணுவத்தால் விடப்பட்டது 2017 யூலை 3இல். உயர் பாதுகாப்பு வலயமாகவே கிடந்த ஊர்களில் வீடு இருந்த இடம் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் காணப்பட்டது. நின்ற வீடுகளிலும் வளையும் சலாகையும் ஓடும் முன்னமே கழற்றப்பட்டிருந்தன. கூரை போன சுண்ணாம்புச் சுவர் பல மாரிகளைத் தாங்குவதில்லை. மேலே மழை இறங்க, பொருத்துக்குள் ஆலும் அரசும் வேர்விட, கல் அப்படியே நிற்கும். இடையில் உள்ள சாந்து நகத்தால் சுரண்டினால் மணலாக உதிரும். மேசன் அதைப் பார்த்து 'இடிக்கத்தான் வேணும்' என்பார். அளவு நாடாவோடு வருபவர் நிற்கும் சுவரைக் கணக்கெடுத்தால் அது பகுதிச்சேதம். இருவருமே பொய் சொல்லவில்லை. நாடா நீளத்தைத்தான் அளக்கும்.

யுத்தத்துக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டம், குறை சொன்னாலும், இங்கே நடந்தவற்றில் நல்லது. 2012 ஒக்ரோபர் 2 அன்று அதன் பெரும் கட்டம் தொடங்கியது. மொத்தம் 50,000 வீடு, புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபாய், பணம் தவணை தவணையாக உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு, வீட்டைக் கட்டுவது அவரே. 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில் கைக்கொண்ட முறையும் இதுதான். புள்ளிகள் போட்டுப் பயனாளிகளைத் தெரிந்ததில் பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட முதிய தம்பதிகள் பின்தள்ளப்பட்டார்கள் என்ற மனத்தாங்கல் நியாயமானது. எனினும் அதே காலத்தின் அடுத்த யோசனையான 65,000 உருக்கு வீடுகளோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாயில், யாழ்ப்பாண வெய்யிலில், உருக்குத் தகட்டுக்குள் மனிதரை இருத்தும் அந்த யோசனையைப் பொறியியலாளர்களும் ஊராரும் எதிர்த்தார்கள், கைவிடப்பட்டது நல்லதாயிற்று.

சட்டம் ஒரு தடவை காத்திருப்பைக் கணக்கில் எடுத்தது என்பதையும் சொல்லவேண்டும். பத்து ஆண்டு ஆட்சியுரிமையைக் காட்டிப் பிறர் காணியைப் பிடித்துக்கொள்வதற்கு எதிராக, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை யுத்தத்தால் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கு அந்தக் காலத்தைக் கழித்துக் கொடுத்தது. வழக்கிட வைத்த அவகாசம் இரண்டே ஆண்டு. பலருக்குச் செய்தி எட்டுமுன் முடிந்தது. ஆனால் அதிலுள்ள நியாயம் சரியானது: வரவிடாமல் தடுக்கப்பட்ட ஆண்டுகளை உரிமையாளரின் தலையில் எழுதக்கூடாது. காணிக்குப் பொருந்திய இந்த நியாயம் சுவருக்கும் கூரைக்கும் ஏன் பொருந்தாது?

இழப்பீடுகளுக்கான அலுவலகமும் பிரதேச செயலகங்களும் காத்திருந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கப் புதிய சட்டம் தேவையில்லை. மதிப்பீட்டுப் படிவத்தின் பிரதியை, தமிழில், அன்றே வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். சேதத்தோடு சேர்த்து, அந்த வீடு எத்தனை ஆண்டு கூரையின்றி, எவருடைய தடையால் கிடந்தது என்பதையும் அதில் எழுத வேண்டும். மறுமதிப்பீடு கேட்கும் கடைசி நாளும் அதில் இருக்க வேண்டும். வலிகாமம் வடக்கில் இன்னும் விடப்படாத காணிகளின் வீடுகளுக்கு மதிப்பீடு தொடங்கவே இல்லை. அவற்றின் உரிமையாளர்கள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தக் கோவைகளைத் திறவுங்கள்.