சைக்காலஜிக்கு ஸ்டாட்ஸ் எதுக்கு?

"மனுஷ மனசைப் புரிஞ்சுக்கத்தான் சைக்காலஜி எடுத்தோம். இதுல ஸ்டாட்ஸ் எதுக்கு?" சைக்காலஜி மாணவர்களின் நிரந்தரப் புலம்பல் இது. ஃப்ராய்ட் வேண்டும், கனவு வேண்டும், கவுன்சலிங் வேண்டும். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் மட்டும் வேண்டாம்!

ஸ்டாட்ஸ் என்னவோ வேறு துறைக்காரர்கள் இவர்கள் தலையில் கட்டிய மூட்டை என்று நினைப்பு. பி.காம். மாணவர்கள் பரீட்சைக்குப் போடுகிற ரேங்க் கோரிலேஷன் யார் பெயரில் இருக்கிறது? ஸ்பியர்மன். அவர் ஒரு சைக்காலஜிஸ்ட். 1904-லேயே அறிவுத்திறனை அளக்கக் கணக்குப் போட்டவர். மூட்டை அவர்கள் வீட்டுடையதுதான் சாமி!

அடுத்த கோஷ்டி இன்னும் ஆபத்து. "அதான் எஸ்.பி.எஸ்.எஸ். இருக்கே, பட்டனைத் தட்டினா ரிசல்ட் வந்துடும்" என்பவர்கள். வரும், நிச்சயம் வரும். ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று கோட் போட்டுவிட்டு சராசரி கேட்டால், கூச்சமே இல்லாமல் 1.5 என்று சொல்லும். சாஃப்ட்வேருக்கு வெட்கம் கிடையாது, படிக்கிறவருக்கு வேண்டாமா? டெபிட் எது, கிரெடிட் எது என்று தெரியாமல் டேலி மட்டும் தெரிந்தவரை யாராவது அக்கவுன்டன்ட் என்பார்களா?

இது வெறும் மார்க் பிரச்சினை இல்லை. டேட்டாவை இஷ்டத்துக்கு வளைத்தால் எதையும் 'நிரூபிக்கலாம்' என்று காட்ட, 2011-ல் மூன்று ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஒரு கூத்து நடத்தினார்கள். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்டவர்களின் வயது சுமார் ஒன்றரை வருடம் குறைந்ததாக முடிவு! பி-வேல்யூ எல்லாம் பக்காவாக இருந்தது. 2015-ல் சைக்காலஜி இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் 97 சதவீதம் 'சிக்னிஃபிகன்ட்'. இரண்டாம் முறை 36 சதவீதம்தான். அவையெல்லாம் கடைசி ராத்திரியில் எழுதிய மாணவர் புராஜெக்ட் அல்ல, பேராசிரியர்கள் எழுதியவை.

பயம் நிஜம்தான். ஃபார்முலாவை மனப்பாடம் செய்யச் சொன்னால் யாருக்கும் பயம் வரும். ஆனால் 'சாஃப்ட்வேர் வாங்கக் காசில்லை' என்ற சாக்கு செல்லாது. ஆர், ஜாஸ்ப் இரண்டும் இலவசம்.

நாளைக்கு ஒரு அம்மா தன் பிள்ளையின் டெஸ்ட் ஸ்கோரோடு எதிரில் வந்து உட்காருவார். அந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று தெரியாதவர், அந்தப் பிள்ளைக்கு என்ன முத்திரை குத்துவார்?

முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்வதாகக் கைரேகை ஜோசியரும்தான் சொல்கிறார். தான் சொன்னது தப்பா என்று அவர் சோதித்துப் பார்ப்பதில்லை. சைக்காலஜிஸ்ட் சோதித்தாக வேண்டும். ஸ்டாட்ஸ் அதற்குத்தான்.