கள்ளிக்குடிக் கணக்கு

இலுப்பூரிலிருந்து விராலிமலை வழியாகத் திருச்சிக்குப் போகிற நம்மவர்கள் எல்லாரும் கள்ளிக்குடியைத் தாண்டித்தான் போகிறோம். மதுரை நான்குவழிச் சாலையில், மணிகண்டம் பக்கம், காய்கறி, பழம், பூ வியாபாரத்துக்கென்று அரசாங்கம் ஒரு பெரிய வளாகம் கட்டி வைத்திருக்கிறது. செலவு 77 கோடி ரூபாய். ஜெயலலிதா அம்மையார் முதல்வராக இருந்தபோது அறிவித்தது; 2017-ல் எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது திறந்தது. திருச்சி காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் அப்படியே இங்கே வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. நம் பக்கத்து விவசாயி இன்றைக்கும் கத்தரிக்காய் மூட்டையோடு அந்த வளாகத்தைக் கடந்து காந்தி மார்க்கெட்டுக்கே போகிறார்.

பழைய கதையை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். காரணம் பஞ்சப்பூர். அதே மதுரை சாலையில், திருச்சிக்கு இன்னும் கிட்டத்தில், புதுப் பேருந்து முனையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மொத்தக் காய்கறி மார்க்கெட் வருகிறது. 2025 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 236 கோடி. புது மார்க்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 77 கோடி ஏன் தூங்குகிறது என்று பொதுமக்களுக்குக் கணக்குச் சொல்லிவிட்டு 236 கோடியில் கை வையுங்கள் என்கிறேன். ஒரு வீட்டில் மூத்த மகன் வியாபாரத்தில் பணத்தைப் போட்டு முடக்கிவிட்டான் என்றால், இளையவன் கேட்கும்போது அப்பா நாலு கேள்வி கேட்கமாட்டாரா?

காந்தி மார்க்கெட்டில் நெரிசல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மார்க்கெட் அது. முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் நிற்கிற அந்த முனையில் விடியற்காலை லாரியும், தள்ளுவண்டியும், மாட்டுவண்டி காலத்துச் சந்துமாக ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். மழை பெய்தால் அழுகிய கோஸ் இலையில் கால் வைக்காமல் நடக்க முடியாது. கடைக்காரர்களும் சும்மா இல்லை. கடையை நடைபாதைக்கு இழுத்து, நடைபாதையைச் சாலைக்கு இழுத்து, சாலையைச் சந்தாக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே மொத்த வியாபாரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் தப்பில்லை. அதைச் செய்த விதம்தான் தப்பு.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு கட்டடம் எப்படி எழும்புகிறது என்று கோப்பு வழியாகப் பார்த்தவன். அறிவிப்பு வரும். மதிப்பீடு வரும். நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி முடிவுச் சான்று என்று வரிசையாக வரும். கடைசியில் ‘பயன்பாட்டுச் சான்றிதழ்’ என்று ஒரு தாள் உண்டு. பெயரைப் பார்த்துவிட்டு, கட்டடம் மக்களுக்குப் பயன்படுகிறது என்பதற்கான சான்று என்று நினைத்துவிடாதீர்கள். ஒதுக்கிய பணம் ஒதுக்கிய காரியத்துக்கே செலவானது என்பதற்கான சான்று அது. அந்தத் தாளில் கையெழுத்து விழுந்ததும் கோப்பு மூடிவிடும். பூட்டு தொங்கினாலும், நாய் படுத்திருந்தாலும், கோப்பைப் பொறுத்தவரை அந்தக் கட்டடம் ‘பயன்பட்டுவிட்டது’. திறந்து ஒரு வருஷம் கழித்து எத்தனை கடையில் தராசு தொங்குகிறது என்று கேட்கிற தாள் எந்தக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். கள்ளிக்குடியைக் கட்டியது வேளாண் விற்பனைத் துறை. பஞ்சப்பூரைக் கட்டுவது மாநகராட்சி. ஒரு துறையின் தோல்வி இன்னொரு துறையின் கோப்பில் ஏறாது. இரண்டு துறைக்கும் பணம் போவது நம் மடியிலிருந்துதான் என்பது மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர், ‘எல்லாம் வியாபாரிகளின் பிடிவாதம் ஐயா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிடிவாதம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டோமா? கடைகள் சின்னவை, லோடு இறக்கி வைக்க இடம் போதாது என்றார்கள். ஊரிலிருந்து தூரம், சில்லறைக்காரர்கள் வரமாட்டார்கள் என்றார்கள். இந்த இரண்டாவது காரணத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். காந்தி மார்க்கெட்டில் காய் எடுப்பது யார்? பாலக்கரையிலும் வரகனேரியிலும் தள்ளுவண்டி வைத்திருப்பவர், தெருவில் கூடை தூக்கி விற்கிற அம்மா, மெஸ் நடத்துகிறவர். விடிவதற்குள் வந்து, நாலு கடை ஏறி இறங்கி, விலை கேட்டு, கடனுக்கும் கொஞ்சம் வாங்கி, ஏழு மணிக்குள் தன் தெருவுக்குத் திரும்ப வேண்டும். ஒரு கூடைக் காயில் அந்த அம்மாவுக்கு நிற்கிற லாபம் என்ன? கள்ளிக்குடிக்குப் போய்வர ஆட்டோவுக்குக் கொடுத்தால் மிச்சம் என்ன? அந்த அம்மா போகாத இடத்துக்கு மண்டிக்காரர் போகமாட்டார். மண்டிக்காரர் போகாத இடத்துக்கு நம் விவசாயி மூட்டையைக் கொண்டுபோய் என்ன செய்வார்?

பிடிவாதம் என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வைக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் காந்தி மார்க்கெட்டை மூடினார்கள். வழக்கு, தடை என்று நவம்பர் வரை அது திறக்கவில்லை. ஏறக்குறைய எட்டு மாதம். கள்ளிக்குடிக்கு இதைவிட நல்ல காலம் வருமா? கூரையோடு, சிமெண்டுத் தரையோடு கட்டிய கடைகள் அங்கே காத்துக்கிடந்தன. மொத்த வியாபாரம் எங்கே நடந்தது? பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில். வெயிலில் புழுதி, மழையில் சேறு. அந்தத் திறந்த வெளியில் நின்று விற்றார்களே தவிர, கள்ளிக்குடி பக்கம் திரும்பவில்லை. மழையில் நனைந்து சரக்கைக் கெடுத்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்க வியாபாரி என்ன பைத்தியமா? வாங்குகிற ஆள் வந்துசேரும் இடத்தில் அவர்கள் நின்றார்கள். எந்த நிபுணர் குழுவும் இதைவிடத் தெளிவான அறிக்கை கொடுத்திருக்க முடியாது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

மார்க்கெட்டை இடம் மாற்றவே முடியாதா? முடியும், சென்னையில் முடிந்திருக்கிறது. கொத்தவால் சாவடி நெரிசலை நம் வயசுக்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். 1996-ல் அந்த மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. அங்கேயும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் மூன்று காரியங்களைச் சேர்த்துச் செய்தார்கள். 295 ஏக்கர் ஒதுக்கினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கட்டினார்கள். கடையை வியாபாரி சொந்தமாக வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். எந்தெந்தப் பண்டத்தின் மொத்த வியாபாரம் எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்று அதே 1996-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். பிறகு 2002-ல் பக்கத்திலேயே பேருந்து நிலையமும் வந்தது. திருச்சியிலோ, பழைய மார்க்கெட்டைப் பாதி மூடியும் மூடாமலும், புதிதைப் பாதி திறந்தும் திறக்காமலும் வைத்துக்கொண்டு, வாருங்கள் வாருங்கள் என்று அழைத்தார்கள். சமையலே ஆகாத பந்திக்கு இலை போட்டு அழைத்த மாதிரி.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன்; மனைவியின் ஊரான இலுப்பூருக்கு வந்தது ஓய்வுக்குப் பிறகுதான். எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாரிசின் ‘லே ஆல்’ மார்க்கெட் நம் ஊர்ச் சந்தை மாதிரி பழக்கம். எமில் ஸோலா 1873-ல் அதை வைத்து ஒரு நாவலே எழுதி, பாரிசின் வயிறு என்று பெயர் வைத்தார். காந்தி மார்க்கெட்டில் இருக்கிற அதே நெரிசல் அங்கேயும் இருந்தது. அதை 1969-ல் நகருக்குத் தெற்கே ரன்ஜீஸ் என்ற ஊருக்கு மாற்றினார்கள். முடிவு எடுத்ததற்கும் மாற்றியதற்கும் நடுவில் ஏறக்குறைய பத்து வருஷம் இருந்தது. அந்தப் பத்து வருஷத்தில் ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் மார்க்கெட் வாசலுக்கே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் வியாபாரியைக் கூப்பிட்டார்கள். ரன்ஜீஸ் இன்றைக்கும் ஓகோவென்று நடக்கிறது. ஆனால் பழைய இடத்தில் என்ன செய்வது என்பதில் அவர்களும் கோட்டை விட்டார்கள். அழகான இரும்புக் கூடங்களை 1971 முதல் இடித்துத் தள்ளினார்கள். நகரத்தின் நடுவில் வருஷக்கணக்கில் பெரிய பள்ளம் கிடந்தது. 1979-ல்தான் அங்கே ஒரு வணிக வளாகம் திறந்தது. பஞ்சப்பூருக்கு மொத்த வியாபாரம் போய்விட்டால் காந்தி மார்க்கெட்டின் சில்லறைக்காரர்கள் கதி என்ன என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பாரிஸ் வேண்டாம், நம் உழவர் சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் கலைஞர் முதல் சந்தையைத் தொடங்கினார். பிரமாதமான கட்டடம் ஒன்றும் இல்லை. ஒரு கொட்டகை, ஒரு தராசு, ஒரு விலைப்பலகை. ஆனால் விவசாயிக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள், வாடகை இல்லை என்றார்கள், மூட்டையை ஏற்றிவரப் பஸ் வசதி செய்தார்கள். மூட்டை எப்படி வரும், வாங்குகிறவர் எப்படி வருவார் என்று முதலில் யோசித்துவிட்டு, பிறகு கொட்டகை போட்டார்கள். நடுவில் சில வருஷம் கவனிப்பாரில்லாமல் கிடந்தும் பல ஊர்களில் அவை செத்துவிடவில்லை. திருச்சி தென்னூர் சந்தையில் காலையில் போய்ப் பாருங்கள். கள்ளிக்குடியில் முதலில் கட்டடம் வந்தது. மூட்டையும் மனுஷனும் தாமே வந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே எனக்குத் தோன்றுவதைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கள்ளிக்குடியில் இன்று எத்தனை கடை நடக்கிறது, வருஷ வாடகை எவ்வளவு, பராமரிப்பு, மின்சாரம், காவலுக்கு எவ்வளவு போகிறது என்று வெளியிட வேண்டும். இரண்டாவது, விராலிமலை, மணிகண்டம், மணப்பாறை, நம் இலுப்பூர், அன்னவாசல் விவசாயிகளைக் கூப்பிட்டு, அந்த வளாகம் உங்களுக்கு எதற்கு உதவும் என்று கேட்க வேண்டும். தரம் பிரிக்கவோ, வெளியூருக்கு லோடு ஏற்றவோ, விலை விழுந்த நாளில் சரக்கை வைத்திருக்கவோ பயன்படலாம். நாலு வழிச் சாலைமேல் இருக்கிற இடத்துக்கு ஒரு வேலை இல்லையென்று நான் நம்பமாட்டேன். மூன்றாவது, பஞ்சப்பூரில் கடையின் அளவு, வாடகை, விடியற்காலை பஸ், கூடை தூக்குகிற அம்மாவுக்கு வண்டி, இவற்றையெல்லாம் திறப்பு விழாவுக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும்.

அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு முகவரி, அவ்வளவுதான் செலவு. பதில் தர 30 நாள் கெடு. நம்மில் எத்தனை பேர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, காலையில் பேப்பர் படித்து, அரசாங்கத்தைத் திட்டிவிட்டு மத்தியானம் தூங்குகிறோம்! கோப்பு எழுதிப் பழகிய கைகள் நமக்கு உண்டு. ‘கள்ளிக்குடி வளாகத்தில் இன்றைய தேதியில் வியாபாரம் நடக்கும் கடைகளின் எண்ணிக்கை’ என்று முதல் கேள்வியை எழுதுங்கள். வருகிற பதிலை எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.