உயர்த்திய பிக்கப்புக்கு எவ்வளவு காற்று?

கனடாவில் எம்மவர் வாங்கும் பழைய பிக்கப் சில, முன்பே உயர்த்திப் பெரிய ரயர் பூட்டியவை. கதவு நிலையில் ஒட்டியுள்ள காற்றளவு கொம்பனி ரயருக்கு உரியது, இதற்குப் பொருந்தாது. ரயரில் பொறித்திருப்பதோ உச்ச அளவு. 'ஈ' வகை பாரரயர் பலவற்றில் 80 இறாத்தல் என்றிருக்கும். சுமையில்லாத வண்டிக்கு அவ்வளவு அடித்தால் நடுப்பகுதிதான் றோட்டைப் பிடிக்கும், மழையில் வழுக்கும். மிகவும் குறைத்தால் ரயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

ரயர்க் கடையில் சுமை அட்டவணைப்படி அளவு கேளுங்கள். பின் ரயருக்குக் குறுக்கே சோக்கால் கோடு கீறி, நேராகச் சிறிது தூரம் ஓடுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. அட்டவணைக்குக் கீழே இறக்காதீர்கள்.

வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 2 இறாத்தல் குறையும். ஆகவே மாதமொருமுறை, காலையில் வண்டி எடுக்கமுன் அளந்து பாருங்கள். பிள்ளைகள் ஏறும் வண்டியல்லவா?