எல்லோராவில் ஒரு சேரி

எல்லோராவுக்குப் போகிறவர்கள் நேராக ஓடுவது 16ஆம் குகைக்குத்தான். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்த கைலாசநாதர் கோயில் அது. பிரமிக்க வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தெற்கே 1 முதல் 12 வரை பௌத்தக் குகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை பிக்குகள் வாழ்ந்த விகாரைகள். 10ஆம் குகையில், மர உத்தரங்களைப் போலவே கல்லில் செதுக்கிய கூரையின் கீழ் புத்தர் அமர்ந்திருக்கிறார். 12ஆம் குகை மூன்று மாடிக் கட்டடம்.

இவற்றில் 5ஆம் குகைக்குப் பெயர் ‘மஹார்வாடா’. நம் ஊர் வழக்கில் சொன்னால், சேரி. மழைக்கு மஹார் மக்கள் அங்கே ஒதுங்கியதால் வந்த பெயர் என்கிறார்கள். வேடிக்கைத் தகவல்போலச் சொல்லிவிட்டு அடுத்த குகைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் நாம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

அந்தக் குகைக்குள் என்ன இருக்கிறது? நீண்ட மண்டபம், இருபுறமும் தூண்கள், சுற்றிலும் பிக்குகளின் சிற்றறைகள். நடுவில் இரண்டு தாழ்வான கல் மேடைகள் மண்டபத்தின் நீளத்துக்கு ஓடுகின்றன. உண்பதற்கோ ஓதுவதற்கோ வரிசையாக அமர்ந்த இடமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சங்கத்தின் விதிப்படி அந்த வரிசையில் மூப்பு என்பது துறவேற்ற நாளைக் கொண்டது. பிறந்த சாதியைக் கொண்டதல்ல. அப்படி ஒரு விதியை வைத்திருந்தவர்களின் வீட்டுக்குத்தான் பின்னால் வந்த சமூகம் சாதிப்பெயர் சூட்டியது. ஊருக்குள் கூரை மறுக்கப்பட்டவர்களுக்குக் கைவிடப்பட்ட விகாரை கூரை தந்தது என்றால், அவமானம் யாருக்கு?

1934இல் அம்பேத்கரும் தோழர்களும் இந்த பௌத்தக் குகைகளைக் கட்டாயம் பார்ப்பது என்ற திட்டத்தோடு பயணம் புறப்பட்டார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டையில், குளத்து நீரில் முகம் கழுவியதற்காக ஒரு கூட்டம் அவர்களை வளைத்துக்கொண்டது. தீட்டுப்படுத்திவிட்டார்களாம். கத்தியவர்கள் முஸ்லிம்கள், சாதி மதம் பார்த்து நிற்பதில்லை. கோட்டைக்குள் எந்த நீரையும் தொடாதபடி பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய காவலரை உடன் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார் அம்பேத்கர். 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றார். அவர்களில் பெரும்பாலோர் மஹார்கள். மழைக்கு ஒதுங்கியவர்களின் பிள்ளைகள், அந்த வீட்டுக்கு உரிமையாளர்களாகத் திரும்பினார்கள்.

“கலையைப் பார்க்க வந்த இடத்தில் எதற்குச் சாதி?” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அதை நாங்கள் கொண்டுவரவில்லை. குகையின் பெயரிலேயே இருக்கிறது.

அந்தப் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. ஏன் வந்தது என்பதை விளக்கச் சொல்கிறோம். கல் மேடையின் கதை, ஒதுங்கிய மக்களின் கதை, 1934இன் கதை மூன்றையும் சேர்த்துச் சொல்லாத எந்த வழிகாட்டியும் 5ஆம் குகையைக் காட்டியதாக ஆகாது. தோழர்களே, எல்லோரா போனால் 16இல் தொடங்காதீர்கள். தெற்கிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.