கார் பார்ட்ஸ்: கூட்டு சேர்ந்தா லாபம்... மாட்டினா அபராதம் தனித்தனி!

தாடிக்கொம்பு: ஒரே மாடல் கார் வைத்திருக்கும் பத்து பேர் கூடி, அலாய் வீல், சீட் கவர், பம்பர் கார்டு என்று மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். சென்னை ஜி.பி.ரோட்டில் இருந்து வரவழைத்தாலும் லாரி வாடகை பத்தாகப் பிரியும்.

வரியும் குறைந்திருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் அலாய் வீல் போன்ற பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனது. ரூ.10 ஆயிரம் பொருளுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். பத்து செட்டுக்கு ரூ.10 ஆயிரம்!

வில்லங்கம் பம்பர் கார்டில்தான். கம்பெனி கொடுக்காத இரும்பு கார்டை முன்னால் மாட்டினால், மோதும் வேகத்தை சென்சார் சரியாக உணராது. ஏர்பேக் நேரத்துக்கு விரியாமல் போகலாம். நடந்து போறவங்க மேல் பட்டால் காயமும் அதிகம். அதனால்தான் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு, நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

2019-ல் திருத்திய மோட்டார் வாகன சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். திண்டுக்கல்-கரூர் ரோட்டில் வண்டியை மடக்கினால் கூட்டாளி ஒன்பது பேரும் பங்கு போட வர மாட்டாங்க. ஆர்.சி.யில் யார் பேரோ, அவர் தலையில்தான் விடியும்.

"பில் வேண்டாம்னா இன்னும் குறைக்கிறேன்" என்றாலும் மயங்காதீங்க. பில் அவரவர் பேரில் தனித்தனியாக வாங்குங்க. இல்லைன்னா வீல் விரிசல் விட்டால் வாரண்டி கேட்க வழி இருக்காது. அலாய் வீல் கம்பெனி சொன்ன சைஸ்தானா என்று பாருங்க. லிஸ்ட்டில் பம்பர் கார்டு இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அடிச்சுடுங்க!