வெளிச்சத்தில் விழுந்த அப்பத்தா

எங்கள் சந்தில் புது எல்.ஈ.டி. விளக்கு எரிந்த அன்று ஒரே திருவிழா! ‘இனிமே தெருவுல உக்காந்தே ஊசியில நூல் கோக்கலாம் ஸார்’ என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருக்குத் தையல் தெரியாது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் ராத்திரி, கோயிலிலிருந்து திரும்பிய என் அப்பத்தா, அந்த விளக்குக்குப் பத்தடி முன்னால் சாக்கடைக் கல் தடுக்கி விழுந்துவிட்டாள்.

‘இம்புட்டு வெளிச்சத்துலயா விழுந்தே?’

‘வெளிச்சமெல்லாம் கண்ணுல அடிக்குதுடா... கால்ல எங்க இருக்கு?’ என்றாள், மணிக்கட்டைப் பிடித்தபடி.

பி.காம். படித்தவன் ஆயிற்றே, பேரேடு போட்டுப் பார்த்தேன். வரவு: வெளிச்சம். செலவு: மாவுக்கட்டு, ஆறு வாரம். கணக்கு உதைத்தது.

தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். ‘விளக்கு தரையைப் பார்க்கணும் ஸார். இது எதிர் மாடியைப் பார்க்குது!’

நிறமும் ஒரு காரணமாம். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. புரை விழுந்த கண்ணில் அது சிதறிக் கூசும். 3000-க்குள் இருந்தால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். கண்ணுக்கும் இதம், பழைய ஓட்டு வீட்டுத் திண்ணைக்கும் அழகு.

2015-ல் தேசிய தெருவிளக்குத் திட்டம் தொடங்கிய பிறகு, ஊர் ஊராகச் சோடியம் விளக்கு இறங்கி எல்.ஈ.டி. ஏறியது. கரண்ட் மிச்சமாவது நிஜம். அதைக் குறை சொன்னால், கணக்குப் படித்த பாவம் சும்மா விடாது. ஆனால், எத்தனை விளக்கு என்று எண்ணுகிற நாம், என்ன உயரம், என்ன சாய்வு, என்ன நிறம் என்று கேட்கிறோமா?

பிரான்ஸில் லியோன் என்ற பழைய நகரம், ஊர் வெளிச்சத்துக்கென்றே 1989-ல் தனித் திட்டம் தீட்டியது. நமக்கும் திட்டம் ஒன்றும் புதுசில்லை. 1878-லிருந்து 1894 வரை இங்கே நிர்வாகம் பார்த்த திவான் சேஷையா சாஸ்திரி, புதுக்கோட்டை நகரைத் திட்டமிட்டுச் சீரமைத்தார். அவர் ஊருக்கு யோசித்ததில் பாதியாவது, நாம் வெளிச்சத்துக்கு யோசிக்கலாம்.

மனு கொடுத்திருக்கிறேன். அப்பத்தாவின் கட்டையும் பிரித்தாகிவிட்டது. ஆனால், பொழுது சாய்ந்தால் அவள் வாசல்படி தாண்டுவதில்லை. எண்பது வருஷப் பழக்கம், சாயரட்சை தரிசனம், நின்றுபோய்விட்டது.

‘நான் கையைப் பிடிச்சுக்கிறேன், வா அப்பத்தா’ என்று நேற்றுகூடக் கூப்பிட்டேன்.

‘மொதல்ல அந்த வெளக்கைத் தலை குனியச் சொல்லுடா. அப்புறம் வாரேன்!’