மூளையிற் குடிபுகும் புழு

பன்றியிறைச்சி உண்ணாதவரைப் பன்றி நாடாப்புழு அணுகாதென நம்மிற் பலர் எண்ணுகிறோம். 1992 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. நியூயோர்க் நகரிலே, மதவிதிப்படி பன்றியை அறவே விலக்கிய யூதர் நால்வருக்குத் திரும்பத் திரும்ப வலிப்புக் கண்டது. அவர்தம் மூளையில் அப்புழுவின் குடம்பிகள் தங்கியிருந்தமையே காரணமென வைத்தியர்கள் துணிந்தனர்.

அஃது எங்ஙனம் நேர்ந்தது? நன்கு வேகாத பன்றியிறைச்சியை உண்பவரின் குடலில் நாடாப்புழு வளரும், அவ்வளவே. மூளைக்கு ஊறு செய்வன அப்புழுவின் முட்டைகள். அவை புழுவுடையவரின் மலத்தோடு வெளிப்பட்டு, கழுவாத கையாலும் கீரையாலும் பிறர் வயிற்றையும், சிலவேளை அவர் வயிற்றையுமே அடைகின்றன. அங்கே வெளிவரும் குடம்பிகள் குடற்சுவரைத் துளைத்து, குருதிவழியே தசைக்கும் மூளைக்கும் செல்கின்றன. பன்றிக்கும் இது தொற்றுவது மனித மலத்தாலேயே. நாமோ பழியைப் பன்றியின் தலையிற் சுமத்துகிறோம்!

அந்த நியூயோர்க் வீடுகளிற் பணிபுரிந்தோரைச் சோதித்தபோது, ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தமை தெரிந்தது. புழுவைச் சுமப்பவர் பெரும்பாலும் அதனை உணர்வதில்லை. ஆதலின், ஒருவருக்கு மூளையில் இந்நோய் கண்டால், சமைப்பவர் உட்பட வீட்டார் அனைவரையும் சோதிப்பித்தல் வேண்டும். குடலிற் புழு காணப்பட்டால், அதனைப் போக்க மாத்திரை உண்டு.